சின்ன மாத்திரை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மனைவிக்கு 43 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்துவிட்டன. ஹார்மோன் பாசிட்டிவ் வகை என்பதால் இப்போது மாதம் ஒரு ஊசியும் தினம் ஒரு எக்ஸிமெஸ்டேன் மாத்திரையும் மட்டும்தான். பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

ஆனால் கீமோவின்போதுகூடச் சிரித்த முகமாக இருந்தவள் இப்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். நடு இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். உடம்பெல்லாம் வலி என்கிறாள். என்னிடமிருந்தும் விலகிவிட்டாள். "அதுதான் எல்லாம் முடிந்துவிட்டதே, சின்ன மாத்திரைதானே, நல்லதையே நினை" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். மனக்கவலை இருந்தால் நோய் திரும்பிவிடும் என்கிறார்கள். அதுவும் பயமாக இருக்கிறது. மாத்திரைக்குப் பதிலாக இயற்கையாக ஹார்மோனைக் குறைக்க வழி உண்டா?

அவள் நன்றாக வாசிப்பவள். அவளுக்கு நம்பிக்கை தரக்கூடிய நூல்கள் சிலவற்றைச் சொல்ல முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் 'சின்ன மாத்திரைதானே' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இதே சொல்லை இதே தொனியில் நான் என் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். சில வாரங்களாக அவளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

முதலில் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கவலைப்பட்டால் நோய் திரும்பும் என்பதற்கு உறுதியான சான்று எதுவும் கிடையாது. அதை அவர் காதில் போட்டுவைக்காதீர்கள். நோயோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துச் சுமக்கவைப்பது பாவம். இயற்கை வழி பற்றிக் கேட்டீர்கள். அந்த ஊசியும் மாத்திரையும் செய்கிற வேலையைச் செய்ய இயற்கை வழி எதுவும் இல்லை. உண்டு என்று சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, 'முடிந்துவிட்டது' என்ற சொல்லுக்கு வருகிறேன். எது முடிந்தது? வீட்டாருக்கு முடிந்தது. விடுப்பு எடுத்து ஆஸ்பத்திரியில் காத்திருப்பது முடிந்தது, உறவினர்களின் தொலைபேசி விசாரிப்பு முடிந்தது, முடி உதிர்ந்த தலையைப் பார்த்து மனம் கலங்குவது முடிந்தது. அவருடைய சிகிச்சை முடியவில்லை. அவருக்கு வந்திருக்கும் வகையில், சிகிச்சையின் மிக நீண்ட பகுதியே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

மார்பகப் புற்றுநோய்களில் பத்தில் ஏழுக்கும் மேல் இந்த வகைதான். புற்று செல்லில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து பொருந்தும் ஏற்பிகள் இருக்கும். ஹார்மோன் வந்து பொருந்தினால் செல் வளரும். ஆகவே ஹார்மோனைத் தடுக்க வேண்டும். 1895இல் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்ஸன் என்ற அறுவை மருத்துவர், முற்றிய மார்பகப் புற்று இருந்த ஒரு பெண்ணின் சினைப்பைகளை அகற்றினார். கட்டி சுருங்கியது. ஹார்மோன் என்ற சொல்லே அப்போது கிடையாது, அது 1905இல்தான் வந்தது. ஏன் சுருங்கியது என்று சொல்ல வார்த்தை இல்லாத காலத்திலேயே சுருங்கியது! பிறகு 1962இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்ஸன் என்ற வேதியியலாளர் ஒரு மருந்தை உருவாக்கினார். கருத்தடைக்காக நடந்த தேடலில் பிறந்த மருந்து அது. ஆனால் பெண்களிடம் கருமுட்டை வெளிவருவதை அது தூண்டவே செய்தது. கருத்தடைக்கு உதவாத அந்த மருந்துதான் டமாக்ஸிஃபென். ஏற்பியில் ஈஸ்ட்ரோஜனுக்கு முன்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐந்து ஆண்டுகள் ஒழுங்காக எடுத்தவர்களிடம், முதல் பத்து ஆண்டுகளில் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்தச் சின்ன மாத்திரையின் வலிமை இது.

உங்கள் மனைவி எடுப்பது வேறு மருந்து. எக்ஸிமெஸ்டேன் கொழுப்பிலும் தசையிலும் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும். ஆனால் சினைப்பை இயங்கிக்கொண்டிருக்கும் வயதில் அது மட்டும் போதாது. அதனால்தான் சினைப்பையை அடக்கிவைக்க அந்த மாத ஊசி. ஊசி தேதி தள்ளிப்போனால் மாத்திரை வீணாகலாம், இதை மறக்காதீர்கள். இயல்பாக மாதவிடாய் நிற்கும் பெண்ணுக்கு உடல் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டு மெல்லப் பழகும். உங்கள் மனைவியை அந்த ஊசி சில வாரங்களில் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. பிறகு, மிச்சமிருக்கும் துளி ஈஸ்ட்ரோஜனையும் மாத்திரை துடைத்து எடுக்கிறது. மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதி தடுமாறுகிறது. கொஞ்சம் சூடு கூடினாலும் 'ஆபத்து' என்று எண்ணி உடல் முழுக்க வியர்வையைக் கொட்டவைக்கிறது. நடு இரவில் அவர் எழுந்து உட்கார்வது அதனால்தான் இருக்கும். நைட்டி முதுகோடு ஒட்டி நனைந்திருக்கும், அடுத்த ஐந்து நிமிடத்தில் குளிரும். தொட்டுப் பார்த்தீர்களா? ஒரு இரவில் நான்கைந்து முறை இப்படி எழுப்பப்படுகிறவர் காலையில் எரிந்து விழாமல் என்ன செய்வார்?

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

அவளுக்கு நோய் வந்தபோது வயது 58. லெட்ரோசோல் என்ற மாத்திரை. உங்கள் மனைவி எடுப்பதன் உறவுக்கார மருந்துதான். தொடங்கிய மூன்றாம் மாதம் முதல் கைவிரல் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் முதல் அடி எடுத்துவைப்பாள். குழாயடியில் கையை நீட்டி ஒவ்வொரு விரலாக மடக்கி மடக்கிப் பார்ப்பாள். ஒருநாள் மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு வெகுநேரமாகப் போராடுவதைப் பார்த்தேன். கட்டைவிரலால் அழுத்தினால்தானே மாத்திரை வெளியே வரும்? அவளுக்கு அழுத்த முடியவில்லை. நான் வாங்கிப் பிதுக்கிக் கொடுத்தேன். விரலை அப்படி ஆக்கியது அந்த மாத்திரைதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "கை வலிக்குதுடா" என்றாள். "வயசானா அப்படித்தான். பெரிய கண்டத்தையே தாண்டிட்ட, இது ஒரு வலியா? சின்ன மாத்திரைதானே" என்றேன். ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு வெளியே போனேன்.

அதன்பிறகு அவள் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழகிவிட்டாள் என்று நினைத்தோம்.

பல மாதம் கழித்து ஏதோ ஒரு ரசீதுக்காக அவளுடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கிவைத்த மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. நான்கு மாதத்து மாத்திரைகள். ஒவ்வொரு மாதமும் கடைக்குப் போய் வாங்கியவன் நான்தான். வீடே அதிரக் கத்தினேன். அவள் அழவில்லை. "உங்கிட்ட சொன்னேன், டாக்டர்கிட்டயும் சொல்லப் பாத்தேன். எல்லாரும் நான் நல்லா இருக்கேன்னுதான் கேக்க விரும்புறீங்க. அதான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன்" என்றாள். நான் கத்தியதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனோம். திட்டு வாங்கப்போகிறோம் என்றுதான் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் திட்டவில்லை. அவளுடைய விரல்களைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். "இந்த மருந்துக்கு இது நிறையப் பேருக்கு வருகிற தொந்தரவு. முன்பே சொல்லியிருந்தால் முன்பே மாற்றியிருப்பேனே அம்மா" என்றார். டமாக்ஸிஃபெனுக்கு மாற்றினார். ரத்தப்போக்கு ஏதாவது தெரிந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ உடனே வரவேண்டும் என்றும் சொன்னார், அந்த மருந்தால் கருப்பையிலும் ரத்தக் குழாயிலும் சிலருக்குச் சிக்கல் வரலாம் என்பதால். அதிலும் தொந்தரவு இல்லாமல் இல்லை. ஆனால் அவளால் தாங்க முடிந்த தொந்தரவு. சொன்ன காலம் வரை எடுத்து முடித்தாள். இன்று நன்றாக இருக்கிறாள்.

எஸ்., என் அக்கா மட்டும் இப்படிச் செய்யவில்லை. ஹார்மோன் மாத்திரையை ஐந்தாண்டு முடியும் முன்பே நிறுத்திவிடும் பெண்கள் ஏராளம். சில பெரிய ஆய்வுகளில் மூன்றில் ஒருவர் அளவுக்கு. அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வலியைச் சொன்னால் 'உயிர் பிழைத்தாயே, அது போதாதா' என்ற பதில் வருகிறது. அப்புறம் யார் சொல்வார்கள்? இந்த வகைப் புற்று பத்து, பதினைந்து, இருபது ஆண்டு கழித்தும் திரும்பி வரக்கூடியது. அதனால்தான் மாத்திரைக் காலம் இத்தனை நீளம். இத்தனை ஆண்டு ஒருத்தி ஒரு மருந்தோடு வாழவேண்டும் என்றால், அந்த மருந்து தன்னை என்ன செய்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டும். உங்கள் 'நல்லதையே நினை' அந்த வாயை அடைக்கிறது. நீங்கள் அன்பால்தான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். நானும் அன்பால்தான் சொன்னேன்.

'என்னிடமிருந்தும் விலகிவிட்டாள்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கடிதத்தில் உங்களுக்கு மிகவும் வலித்த இடம் அதுதான் என்று நினைக்கிறேன். உடைத்தே சொல்கிறேன். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போனால் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டுவிடும். உடலுறவு எரியும், சிலருக்கு ரத்தம்கூட வரும். ஆசையும் குறையும். அறுவை சிகிச்சைத் தழும்பு வேறு. உங்களை வெறுத்து விலகியிருப்பார் என்று ஏன் நினைக்கிறீர்கள்? வலிக்குமே என்று பயந்து விலகியிருக்கலாம். வலிக்கிறது என்று சொன்னால் நீங்கள் வருந்துவீர்களே என்று அதையும் சொல்லாமல் இருக்கலாம். ஹார்மோன் இல்லாத ஈரப்பதக் களிம்புகளும் வழுக்கும் ஜெல்களும் இருக்கின்றன. அவை போதாவிட்டால் அடுத்து என்ன செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்கலாம். இதையெல்லாம் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தால் நீங்கள் கேளுங்கள். அவர் வெட்கத்தைத் தாண்டி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மற்ற தொந்தரவுகளுக்கும் வழிகள் உண்டு. உடல் திடீரென்று கொதிப்பதைக் குறைக்க, மனச்சோர்வுக்குத் தரும் வென்லாஃபாக்ஸின் போன்ற சில மருந்துகளைக் குறைந்த அளவில் தருவார்கள். டமாக்ஸிஃபென் எடுப்பவர்கள் மட்டும் பாரோக்ஸெடினையும் ஃபுளுவாக்ஸெடினையும் தவிர்க்க வேண்டும். அந்த மருந்து உடலில் வேலை செய்யும் விதத்தில் அவை குறுக்கிடும். மூட்டு வலிக்கு, வலிக்கிறதே என்று படுத்துவிடாமல் நடப்பதும் எடை தூக்கும் பயிற்சியும் உண்மையில் உதவுகின்றன, ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். தனியாக நடக்கச் சொல்லாதீர்கள், கூட நடங்கள். எலும்பு அடர்த்தி பார்க்கும் ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். உங்கள் மனைவியின் ஊசியும் மாத்திரையும் எலும்பைத் தேய்க்கும், அதைத் தடுக்கவும் மருந்து இருக்கிறது. எதுவுமே சரிவரவில்லை என்றால் மாத்திரையையே மாற்றலாம். தானாக நிறுத்துவது மட்டும் கூடாது.

இன்று இரவு அவர் எழுந்து உட்காரும்போது நீங்களும் எழுந்து உட்காருங்கள். விளக்கைப் போடவேண்டாம், அறிவுரையும் வேண்டாம். என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் உள்ளே போங்கள். "எப்படி இருக்கீங்க" என்று டாக்டர் கேட்டதும் "நல்லா இருக்காங்க டாக்டர்" என்று முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். நான் ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்தேன்.

நூல்கள் கேட்டிருந்தீர்கள். நன்றாக வாசிப்பவர் என்கிறீர்கள், இப்போது என்ன வாசிக்கத் தோன்றுகிறது என்று அவரையே கேட்டு எழுதுங்கள். இரவில் தூங்காதவருக்குக் கண் மங்கும், பெரிய எழுத்தில் அச்சிட்டவையாகப் பார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்.