துப்பாக்கி இல்லாமல் அதன் உதிரிபாகங்களை மட்டும் செக்-இன் பெட்டியில் கொண்டு செல்லலாமா?

டல்லாஸிலிருந்து ஃபீனிக்ஸுக்குச் சென்று நண்பருடன் ரேஞ்சில் சுடப் போவதாகவும், துப்பாக்கியை அவரே தருவதால் மூன்று காலி மேகசின்கள் (தோட்டாக்களை அடுக்கும் கூடுகள்), ஒரு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), துப்புரவுப் பொருட்கள் ஆகியவற்றை மட்டும் செக்-இன் பெட்டியில் வைக்க எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவற்றை வைக்கலாமா, கவுன்டரில் அறிவிக்க வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள். மேகசின்களையும் ஸ்கோப்பையும் தாராளமாக வைக்கலாம். துப்பாக்கியோ தோட்டாவோ உடன் இல்லாதவரை, அமெரிக்க விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனை நடத்தும் டி.எஸ்.ஏ. அமைப்பின் விதிப்படி அவற்றை அறிவிக்க வேண்டியதில்லை. துப்புரவுப் பொருட்களுக்கு மட்டும் அவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. டெக்சாஸில் 11 ஆண்டுகளாக வசிப்பவன், இலக்குச் சுடுதலில் ஈடுபாடு உள்ளவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன்: துப்பாக்கியோடு பறப்பவர்கள் விதிகளை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிடுகிறார்கள், துணைப்பொருட்களோடு மட்டும் பறப்பவர்கள்தாம் படிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள்.

அடிப்படை விதி இதுதான். மேகசின், கிளிப், போல்ட், ஃபயரிங் பின் போன்ற உதிரிபாகங்கள் கைப்பையில் இருக்கக் கூடாது. செக்-இன் பெட்டியில் இருக்கலாம். முழுத் துப்பாக்கி என்றால் தோட்டாக்களை நீக்கி, எளிதில் திறக்க முடியாத கெட்டியான பெட்டியில் பூட்டி, ஒவ்வொரு பயணத்திலும் கவுன்டரில் அறிவிக்க வேண்டும். இந்த இரண்டு வகைகளுக்கும் இடையே உள்ள எல்லை, பொருளின் அளவையோ தோற்றத்தையோ பொறுத்தது அன்று என்பதைப் பலர் அறிவதில்லை.

1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, மற்றப் பாகங்கள் பொருத்தப்படும் அடிப்படை உடலான ஃபிரேம் அல்லது ரிசீவர் எனப்படும் பாகமே சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி. ஏஆர்-15 வகைத் துப்பாக்கியில் வரிசை எண் பொறிக்கப்பட்ட கீழ் ரிசீவரைத் தனியாகக் கழற்றி, குழலும் பிடியும் இல்லாமல் ஒரு துணியில் சுற்றி எடுத்துச் சென்றாலும், அது துப்பாக்கியாகவே கருதப்படும்; பூட்டிய கெட்டியான பெட்டி, அறிவிப்பு ஆகிய எல்லா நிபந்தனைகளும் அதற்குப் பொருந்தும். சிக் சாவர் பி320 கைத்துப்பாக்கியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. அதில் வரிசை எண் உள்ள பாகம், உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுள்ள ஓர் உலோகத் தொகுதிதான்; கையில் பிடிக்கும் பிளாஸ்டிக் உடல் வெறும் துணைப்பொருள். ஆகவே பிடியையும் குழலையும் விட்டுவிட்டு அந்தச் சிறு தொகுதியை மட்டும் எடுத்துச் செல்பவர் உதிரிபாகத்தைச் சுமப்பதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் அறிவிக்கப்படாத துப்பாக்கியைச் சுமக்கிறார். உங்கள் பையில் அத்தகைய பாகம் ஏதும் இல்லையென்றால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை. வரிசை எண் உள்ள ஃபிரேமையோ ரிசீவரையோ சாதாரணப் பெட்டியில் போடாதீர்கள்.

மேகசின்கள் காலியாக இருக்கின்றனவா என்பதைக் கிளம்பும் நாளன்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். காலியானாலும் நிரப்பியதானாலும் மேகசின்களைப் பத்திரமாகப் பெட்டியில் அடைக்க வேண்டும்; தோட்டா நிரப்பிய மேகசினைக் கொண்டு செல்ல வழி இருந்தாலும் தோட்டாக்களைக் கழற்றிவிடுவதே நல்லது. தோட்டாக்களையும் எடுத்துச் செல்ல நேர்ந்தால், அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோகத்தில் அதற்கென்றே செய்யப்பட்ட பெட்டியில் அடுக்கிக் கவுன்டரில் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஒருவருக்கு 11 பவுண்டு, அதாவது 5 கிலோ வரைதான் ஏற்கின்றன. வீட்டில் தோட்டா நிரப்பும் பழக்கம் உள்ளவர்கள் வெடிமருந்துத் தூளையும் அதைப் பற்றவைக்கும் பிரைமர்களையும் எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது.

இனி துப்புரவுப் பொருட்கள். குழலைத் துடைக்கும் கம்பி, பிரஷ், துணித் துண்டுகள் ஆகியவற்றைச் செக்-இன் பெட்டியில் வைப்பதில் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் குழலில் படியும் கரியைக் கரைக்கும் திரவங்களில் பல எளிதில் தீப்பற்றுபவை. அவை கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. தீப்பற்றும் ஸ்பிரே எண்ணெய்க்கும் இதே தடை உண்டு. நான் ஒருமுறை பாதி தீர்ந்த கரைப்பான் பாட்டிலை மற்றப் பொருட்களோடு அப்படியே வைத்துவிட்டேன். ஊர் போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்தபோது, சோதனை செய்ததைத் தெரிவிக்கும் தாள் மட்டும் மேலே இருந்தது, பாட்டில் இல்லை. தவறு முழுவதும் என்னுடையது. பாட்டிலின் பின்புறமே தீச்சின்னம் அச்சிடப்பட்டிருந்தது. சென்ற ஊரிலேயே ஒரு சிறு பாட்டில் வாங்கிக்கொள்வது நல்லது.

பாட்டரி விஷயத்தில் விதி நேர்மாறாகத் திரும்புகிறது. சிவப்புப் புள்ளியால் குறிகாட்டும் ரெட் டாட் சைட்டுக்கும் டார்ச்சுக்கும் பயன்படும் சிஆர்123ஏ, சிஆர்2032 போன்ற உபரி லித்தியம் பாட்டரிகள் செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது. கைப்பையில்தான் போக வேண்டும். கருவிக்குள் பொருத்தப்பட்ட பாட்டரி இருக்கலாம், கருவியை அணைத்துவிடுங்கள். ஸ்கோப் இரண்டிலும் அனுமதிக்கப்படுகிறது. கண்ணாடிப் பொருள் என்பதால் நான் கைப்பையிலேயே வைத்துக்கொள்கிறேன். ஸ்கோப்பை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வதாக இருந்தால் அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் குறுக்கே வரும்.

விமானம் எங்கே இறங்குகிறது என்பதையும் பாருங்கள். அரிசோனாவில் உங்கள் மேகசின்களுக்குத் தடை இல்லை. ஆனால் நியூ ஜெர்சியில் 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசினை வைத்திருப்பதே குற்றம். நடுவழியில் அங்கே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2005-இல் நடந்த ஒரு நிகழ்வு இருக்கிறது. யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் துப்பாக்கியை முறைப்படி அறிவித்துவிட்டுப் பென்சில்வேனியாவுக்குப் புறப்பட்டார். நூவர்க்கில் அடுத்த விமானம் தவறிப்போனதால் பெட்டியைப் பெற்றுக்கொண்டு ஓர் இரவு ஓட்டலில் தங்கினார். மறுநாள் காலை அதே விமான நிலையத்தில் மீண்டும் அறிவித்தபோது கைது செய்யப்பட்டார். மாநிலங்களைக் கடந்து செல்பவர்களுக்கு 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தரும் பாதுகாப்பு, பெட்டி அவர் கைக்கு எட்டிய அந்த இரவில் பொருந்தாது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நேரடி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் எந்த மாநிலத்தில் மாறுகிறீர்கள் என்று பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம்மவர்களில் பலர் இதில் தெரியாமல் தவறுகிறார்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் வைத்திருப்பதாகவே எண்ணப்படலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

அதைவிடப் பெரிய கவலை எனக்கு ஒன்று உண்டு. ஃபீனிக்ஸுக்குக் கொண்டுபோகும் அதே பையை அடுத்த விடுமுறையில் சென்னைக்கும் எடுத்துச் செல்லாதீர்கள். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதம் என்ற சொல்லுக்குள்ளேயே அதன் பாகங்களையும் சேர்க்கிறது. டெக்சாஸில் கடையில் அடுக்கி விற்கும் பொருளுக்கு அங்கே உரிமம் கேட்பார்கள். பை மடிப்பில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் வழக்குப் பதிவானவர்கள் பலர். வைத்திருத்தல் என்பது அறிந்தே வைத்திருப்பதைத்தான் குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் சஞ்சய் தத் வழக்கில் விளக்கியது. அதைப் பின்பற்றித் தில்லி உயர் நீதிமன்றம் இத்தகைய ஒற்றைத் தோட்டா வழக்குகள் பலவற்றை ரத்து செய்திருக்கிறது. ஆனால் அந்த நிவாரணம் கிடைப்பதற்கு முன் கைது, பிணை, வழக்கறிஞர், தவறிய விமானம் எல்லாம் வந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் தங்கை மகளின் காதணி விழாவுக்காகக் கிளம்பிய முந்தின இரவு, பெட்டியில் இடம் போதாமல் ரேஞ்சுக்குக் கொண்டுசெல்லும் பையில் குழந்தைகளின் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்க உறையின் தையல் விட்ட இடத்தில் விரலில் ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் ஒரு.22 தோட்டா. துணிகளை எல்லாம் வெளியே எடுத்து, அருகில் இருந்த கடை மூடுவதற்குள் ஓடிப்போய் வேறு பெட்டி வாங்கி வந்தேன். அந்தப் பை இப்போது கராஜில் தனியாகத் தொங்குகிறது. ரேஞ்சைத் தவிர வேறு எங்கும் அது போவதில்லை.