ஸ்பெக்ட்ரமுக்குப் புது கீபோர்டு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் ரப்பர் விசை வைத்த பழைய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் (எண்பதுகளின் வீட்டுக் கணினி) ஒன்று இருக்கிறது. க்யூ, டபிள்யூ, இ, ஆர், டி ஐந்தும் வேலை செய்யவில்லை, மற்றதெல்லாம் சரி. இதையே சாக்காக வைத்து, மெக்கானிக்கல் ஸ்விட்ச் போட்ட கீபோர்டு ஒன்றை நானே செய்துவிடலாம் என்றிருக்கிறேன். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) கட்டாயம் என்கிறார் நண்பர். போடத்தான் வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரே வரியில், அதுவும் இடது பாதி மட்டும் போயிருக்கிறது என்றால் பழுது விசைகளில் இல்லை. ஸ்பெக்ட்ரமின் 40 விசைகளும் எட்டுக்கு ஐந்து என்ற கட்டத்தில் கோக்கப்பட்டவை. விசைகளுக்கு அடியில் இருக்கும் மெம்ப்ரேன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளிலிருந்து இரண்டு நாக்குகள் போர்டுக்குப் போகும், ஒன்றில் 8 தடம், இன்னொன்றில் 5. எட்டில் ஒன்று அறுந்தால் உங்களுக்கு ஆன மாதிரி அரை வரி போகும். ஐந்தில் ஒன்று அறுந்தால் எட்டு விசை போகும், அதுவும் சிதறலாக: 1, 0, க்யூ, பி, ஏ, என்டர், கேப்ஸ் ஷிஃப்ட், ஸ்பேஸ் எல்லாம் ஒரே தடத்தில்தான் இருக்கின்றன. வயதான நாக்கு பெரும்பாலும் சாக்கெட்டுக்குப் பக்கத்தில், மடங்கும் இடத்தில்தான் விரிசல் விடும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். நாக்கு நன்றாக இருந்தால் போர்டில் அந்த வரிக்குரிய டயோடைச் சந்தேகப்படலாம், அப்படியானால் எவ்வளவு நல்ல கீபோர்டு செய்து மாட்டினாலும் அதே ஐந்து விசைகள் பேசாது.

இப்போது டயோடு. நண்பர் சொல்வது இன்றைய யுஎஸ்பி கீபோர்டுக்கு நியாயமான பேச்சு, இங்கே அப்படியே பொருந்தாது. ஸ்பெக்ட்ரம் போர்டிலேயே 8 டயோடுகள் இருக்கின்றன. அவை பேய் விசையைத் தடுக்க வைத்தவை அல்ல (கட்டத்தில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால் நான்காவதும் அழுந்தியதாகத் தெரிகிறதே, அது). விசை வரிகள் நேராக சிபியுவின் முகவரிக் கம்பிகளிலிருந்து வருகின்றன, இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தும்போது அந்தக் கம்பிகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகக் கூடாது, அதற்குத்தான் அவை. ஒரு சிலிக்கன் டயோடு சுமார் 0.6 வோல்ட் தின்னும். நீங்கள் விசைக்கு விசை இன்னொன்று சேர்த்தால் 1.2 ஆகிவிடும், டிடிஎல் (அக்காலச் சிப்புகளின் மின்னழுத்த வரையறை) கணக்கில் 0.8 வோல்ட் வரைதான் பூஜ்யம். சில போர்டு பொறுத்துக்கொள்ளலாம், சிலது விசையைத் தவறவிடும். மூன்று நான்கு விசைகளை ஒன்றாக அழுத்தும் தேவை உண்மையிலேயே இருந்தால் ஷாட்கி டயோடு போட்டுப் பாருங்கள், இழப்பு ஏறக்குறைய பாதியாகும். நானாக இருந்தால் ஒன்றும் போடமாட்டேன். அந்த இயந்திரத்தின் ஆட்டங்கள் எல்லாம் பேய் விசையோடு வாழ்ந்தவைதானே.

அடுத்து காமடோர் 64 என்ற அக்காலக் கணினியின் பக்கம் போகும் எண்ணமிருந்தால் அங்கே கதை வேறு. எட்டுக்கு எட்டுக் கட்டம், ரெஸ்டோர் விசை மட்டும் கட்டத்துக்கு வெளியே, தனிக் கம்பியில் என்எம்ஐ குறுக்கீட்டுக்கு (சிபியு தட்டிக்கழிக்க முடியாத அழைப்பு) போகிறது. அதைத் தெரியாமல் கட்டத்துக்குள் இழுத்துவிடாதீர்கள். அங்கேயும் டயோடில் சிக்கல் உண்டு, கட்டத்தைத் தலைகீழாக, பத்தியிலிருந்து வரிக்குப் படிக்கும் நிரல்கள் டயோடு போட்டால் குருடாகிவிடும்.

ஸ்பெக்ட்ரமுக்கே வருவோம். வயரிங் ஒரு நாள் வேலை, கீகேப்தான் (ஸ்விட்சின் மேல் மாட்டும் எழுத்து மூடி) உங்கள் பொறுமையைச் சோதிக்கும். ஸ்பெக்ட்ரமின் பேசிக் நிரல்மொழியில் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்ட முடியாது. ஜே அழுத்தினால் லோடு, பி அழுத்தினால் பிரிண்ட், அதுபோக ஷிஃப்ட் சேர்க்கைகளுக்கு வேறு சொற்கள். ஒரே விசையின் மேலும் கீழும் இத்தனை சொல் அச்சாகியிருக்கும், சாதாரண கீகேப்பில் வெறும் எழுத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதி நேரம் துழாவலில் போகும். மேல்மூடி கழற்றி உள்ளே காகிதம் வைக்கிற வகை கீகேப் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பார்க்க அழகில்லைதான்.

பழைய பெட்டியை மட்டும் அறுக்க வேண்டாம், சாதாரண உயர ஸ்விட்ச் அதற்குள் அடங்காது. தனிப்பெட்டி செய்துகொள்ளுங்கள், பழைய பெட்டிக்குப் புது மெம்ப்ரேன் இன்றும் விற்கிறது, அதைப் போட்டு அப்படியே வைத்திருக்கலாம். டெலீட் போன்ற கூடுதல் விசைகள் முதல் கீபோர்டில் வேண்டாம். டெலீட் என்பது கேப்ஸ் ஷிஃப்ட்டும் 0-உம் சேர்ந்தது, ஒரே ஸ்விட்ச் இரண்டு இணைப்பை மூட வேண்டியிருக்கும். அப்புறம், ஒரு அரை வரியை மட்டும் சால்டர் செய்து இயந்திரத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.