அண்ணன் குடும்பத்தின் நிசெக்கோ பயணத்துக்கு என் பெயரில் கடன் வாங்கலாமா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியன் நான். வரும் ஜனவரியில் இரு குடும்பமும் ஜப்பானின் நிசெக்கோவுக்குப் பனிச்சறுக்கு விளையாடச் செல்ல வேண்டும் என்று ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள அண்ணன் வற்புறுத்துகிறார். எழுவருக்கு 4,20,000 ரேண்ட் ஆகும். எங்கள் மூவரின் பங்கு 1,80,000. அவருடைய கடன் பதிவு கெட்டிருப்பதால் எல்லாவற்றையும் என் பெயரில் வாங்கச் சொல்கிறார். பிறகு தவணையாகத் தருவாராம். என் சேமிப்பு 70,000. மீதி 3,50,000-ஐ 24 விழுக்காட்டு வட்டியில் 5 ஆண்டுத் தனிநபர் கடனாக வாங்குவதா, வீட்டுக்கடனில் கூடுதலாகக் கட்டிவைத்த தொகையை எடுப்பதா? முன்பு லெசோத்தோவின் அஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு மையத்துக்குப் போனபோது அவருக்காக நான் கட்டிய 40,000-இல் 15,000 மட்டுமே திரும்பி வந்தது.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியை முதலில் எழுதியிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. எந்தக் கடன் மலிவு என்பது இரண்டாம் பட்சம். அண்ணனின் செலவை உங்கள் பெயரில் சுமக்கும் வழக்கம்தான் இங்கே கேடு செய்கிறது.

தோராயமாகக் கணக்கிடுவோம். 3,50,000-க்கு மாதத் தவணை ஏறத்தாழ 10,000. ஐந்தாண்டில் கட்டுவது 6,00,000-க்கும் மேல். அந்தத் தவணையில் அண்ணனின் பங்கு மட்டும் சுமார் 7,000. இதன்மேல் கடன் காப்பீடு வேறு உண்டு; கடன் வாங்கியவர் இறந்தாலோ வேலை இழந்தாலோ கடனைக் கட்டுவதற்கான காப்பீடு அது. சட்டம் அனுமதிக்கும் உச்சம் ஆயிரம் ரேண்ட் கடனுக்கு மாதம் 4.50 ரேண்ட் என்பதால், தொடக்கத்தில் அது 1,500-ஐத் தாண்டக்கூடும். அண்ணன் தவணை தவறினால் வங்கி அவரைத் தேடிப் போகாது, ஏனெனில் ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து மட்டுமே. வீட்டுக்கடனிலிருந்து எடுத்தால் வட்டி குறையும் என்பது உண்மைதான், ஆனால் அவர் தராத தொகைக்கு உங்கள் வீடே ஈடாக நிற்கும். 'இப்போது பயணம், பிறகு பணம்' என்ற விளம்பரங்களையும் தயவுசெய்து ஒதுக்குங்கள். வட்டியில்லை என்பது தவணை தவறாதவருக்கு மட்டுமே.

அண்ணனுக்காகக் கட்டவிருந்த அந்த 7,000-ஐ மாதந்தோறும் சேமித்தால், உங்கள் பங்கில் குறையும் 1,10,000 பதினாறு மாதங்களில் சேர்ந்துவிடும். நிசெக்கோ எங்கும் போய்விடாது. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து ஹொக்கைடோ மலைகளில் உலர்ந்த, இலேசான பனியாகக் கொட்டுவது ஆண்டுதோறும் நடப்பது. மேலும், ஸ்னோபோர்டு என்னும் சறுக்குப் பலகையில் இன்னும் நிலையாக நிற்கத் தெரியாத பிள்ளைகளுக்கு இந்த ஆழமான பவுடர் பனி பெரும்பாலும் வீண்செலவு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை இயங்கும் அஃப்ரிஸ்கியில், செயற்கைப் பனியானாலும், அவர்கள் முதலில் பழகட்டும்.

போகும்போது பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு சேர்க்கப்பட்டிருக்கிறதா, குறிக்கப்பட்ட தடங்களுக்கு வெளியே சறுக்குவதும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் காப்பீடுகள் பல இதை விலக்கிவிடுகின்றன.

அண்ணனிடம், அவர் குடும்பத்தின் டிக்கெட்டை அவரே வாங்கினால் உடன் வருவதாகவும், பழைய 25,000-ஐ மாதம் எவ்வளவு தரமுடியும் என்றும் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை எந்த முன்பணமும் கட்டவேண்டாம்.