ஸ்விஃப்ட் பெட்ரோலில் பழைய டீசல் டர்போ மாட்டலாமா?

கேள்வி: அண்ணா, என்னிடம் 2013 மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்கிறது, 90,000 கிலோமீட்டர் ஓடியது. உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் டீசல் ஸ்விஃப்டின் டர்போ 6,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நண்பர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், ஆர்கான் வெல்டிங்கும் அங்கேயே உண்டு, மேனிஃபோல்டு செய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் மாட்டிவிடலாம் என்கிறார். இல்லாவிட்டால் ஆன்லைனில் விற்கும் 12 வோல்ட் எலக்ட்ரிக் டர்போ போதுமா? எவ்வளவு பூஸ்ட் வைக்கலாம்? எஞ்சின் தாங்குமா? (கோவை வாசகர் ஒருவர்)

பதில்: டர்போ என்பது எஞ்சினின் புகையால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, அப்படி ஏறும் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். மின்சாரத்தில் சுற்றும் எலக்ட்ரிக் டர்போவை முதலில் முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். கணக்கு சுலபம்தான். உங்கள் 1.2 லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,600 லிட்டர் காற்றை இழுக்கிறது, அதை வெறும் 0.35 பார் அழுத்தத்துக்கு ஏற்ற வேண்டுமென்றால்கூட கம்ப்ரஸரைச் சுற்ற 3 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்டில் அது 250 ஆம்பியரைத் தாண்டும். உங்கள் ஆல்டர்னேட்டர் அதில் பாதியைக்கூடத் தராது. அந்த விசிறி இன்டேக் குழாய்க்குள் உட்கார்ந்து காற்றுக்குத் தடையாக நிற்கும், அவ்வளவுதான். உண்மையான எலக்ட்ரிக் கம்ப்ரஸர் இல்லாமல் இல்லை. ஆடி 2016-ல் எஸ்க்யூ7 டீசலில் வைத்தது, ஆனால் அது 7 கிலோவாட் வரை இழுக்கும், அதற்காகவே 48 வோல்ட் மின் அமைப்பைத் தனியாகக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் வழக்கமான இரண்டு டர்போக்களுக்குத் துணையாகக் கீழ் ஆர்பிஎம்மில் சற்று நேரம் ஓடுவதுதான் அதன் வேலை.

இனி உங்கள் நிஜக் கேள்வி. நண்பர் சொல்வது சரிதான், மாட்டிவிடலாம். நல்ல லேத்தும் வெல்டரும் இருந்தால் ஒரு வாரக் கடைசியில் டர்போ எஞ்சினில் உட்கார்ந்துவிடும், வண்டி ஸ்டார்ட்டும் ஆகும், முதல் அரை மணி நேரம் பறக்கவும் செய்யும். ஆனால் காற்றைக் கூட்டுவது இந்த வேலையில் எளிய பகுதி. கூடிய காற்றுக்குச் சரியான அளவு பெட்ரோலும், சரியான நேரத்தில் பொறியும், ஏறும் சூட்டுக்கு ஒரு வழியும் கொடுப்பதில்தான் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது. அதனால் நான் சொல்லும் வரிசை பெரும்பாலோர் செய்வதற்கு நேர் எதிர்: டர்போ கடைசியில்.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமில்லை. 1962-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு டர்போ பெட்ரோல் கார்களை இறக்கியது. செவ்ரோலே கார்வேர் ஸ்பைடரில் கம்ப்ரஷன் விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற அளவை) 8-க்குக் குறைத்துவிட்டு டர்போ வைத்தார்கள். ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் 10.25 என்ற உயர்ந்த விகிதத்தை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் டர்போவை ஏற்றினார்கள். நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வராமல் இருக்க, பாதி தண்ணீர் பாதி மெத்தனால் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் தெளிக்கும் ஏற்பாடு இருந்தது. தொட்டி காலியானால் பூஸ்டைத் தடுக்கும் வால்வுகூட வைத்திருந்தார்கள். மக்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள், புகார்கள் குவிந்தன, 1963-க்குப் பிறகு கார் நின்றுபோனது, பலருடைய வண்டியிலிருந்து டர்போவையே கழற்றிச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள். நீங்கள் செய்யப் போவது அந்த ஜெட்ஃபயரைத்தான், அதுவும் அந்தத் தெளிப்பான் இல்லாமல்.

ஏனென்றால் உங்கள் கே-சீரிஸ் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 11-ஐ ஒட்டியது. டர்போ இல்லாமல் ஓடும்போது மைலேஜுக்கு இது நல்லது. டர்போ வந்தால் இதுவே எமன். காற்றை அழுத்தினால் அது சுடும். கோவை வெயிலில் 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று, 0.4 பார் பூஸ்டில் சுமாரான ஒரு கம்ப்ரஸரிலிருந்து 80 டிகிரியைத் தாண்டித்தான் வெளியே வரும். அந்தச் சுடுகாற்றை 11 மடங்கு அழுத்தினால், பொறியிலிருந்து கிளம்பிய தீ வந்து சேர்வதற்கு முன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பிஸ்டன் விளிம்பு முதலில் உடையும், அப்புறம் கம்ப்ரஷன் போகும், ஆயில் புகையும். சத்தம் காதில் விழுகிற அளவுக்கு வந்துவிட்டது என்றால் பெரும்பாலும் சேதம் தொடங்கிவிட்டது. அதனால் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் இந்த எஞ்சினில் பூஸ்ட் என்ற பேச்சே வேண்டாம்.

தடித்த ஹெட் காஸ்கெட் போட்டு விகிதத்தைக் குறைக்கலாமே என்று பட்டறையில் யாராவது சொல்வார்கள். 73 மில்லிமீட்டர் போர் கொண்ட உங்கள் எஞ்சினில் 11-லிருந்து 9.5-க்கு வர ஒவ்வொரு சிலிண்டரிலும் 5.3 சிசி இடம் கூடுதலாக வேண்டும், அதாவது காஸ்கெட் ஏறத்தாழ 1.25 மில்லிமீட்டர் அதிகம் தடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் பிஸ்டன் மேலே வரும்போது கலவையைப் பிதுக்கிச் சுழல வைக்கும் அந்தக் குறுகிய இடைவெளி போய்விடும், எரிவது மந்தமாகும், நாக்கிங்கைக் குறைக்கப் போய் அதற்கே வழிவிட்டதாக முடியும். விகிதத்தைக் குறைப்பதென்றால் பிஸ்டனை மாற்றுவதுதான் முறை. பிஸ்டனைத் தொடப் போவதில்லை என்றால் பூஸ்டைக் குறைவாக வைத்துத் திருப்தி அடைய வேண்டும்.

அந்த 6,000 ரூபாய் டர்போவுக்கு வருகிறேன். 1.3 டீசலும் 1.2 பெட்ரோலும் இழுக்கும் காற்றின் அளவு அவ்வளவு தூரம் வேறுபடாது, டீசல் குறைந்த ஆர்பிஎம்மில் அதிக பூஸ்டோடும் பெட்ரோல் அதிக ஆர்பிஎம்மில் குறைந்த பூஸ்டோடும் ஓடுவதால் கணக்கு கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஆகவே காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் பக்கம் சமாளிக்கலாம். சிக்கல் புகை சுழற்றும் டர்பைன் பக்கத்தில். முழு லோடில் டீசலின் புகைச்சூடு 700, 800 டிகிரியில் நிற்கும், பெட்ரோலில் 900-ஐத் தாண்டி 1,000 டிகிரியை நெருங்கும். டீசலுக்கென்று வார்த்த ஹவுஸிங் அந்தச் சூட்டில் நாளடைவில் விரிசல் விடும். 90 குதிரைத்திறன் வகை 1.3 டீசல்களில் வரும் விஜிடி டர்போவாக இருந்தால் தொடவே வேண்டாம். அதன் நகரும் சிறு தகடுகள் பெட்ரோல் சூட்டில் இறுகிவிடும். போர்ஷே 2006-ல் 911 டர்போவில் அதே தொழில்நுட்பத்தைப் பெட்ரோலுக்குக் கொண்டுவந்தபோது, அந்தச் சூட்டைத் தாங்கத் தனி உலோகக் கலவைகளைப் பயன்படுத்த வேண்டியிருந்தது.

பூஸ்ட் எல்லை மீறாமல் புகையின் ஒரு பகுதியை டர்பைனுக்குள் போகவிடாமல் திருப்பும் வேஸ்ட்கேட் இன்னொரு தலைவலி. டீசலின் ஆக்சுவேட்டர் ஸ்பிரிங் உங்களுக்குத் தேவையானதைவிட மிக அதிகமான பூஸ்டுக்கு அமைத்தது, அந்த ஸ்பிரிங் அளவுக்குக் கீழே எந்தக் கன்ட்ரோலராலும் பூஸ்டை இறக்க முடியாது. மென்மையான ஸ்பிரிங் போட்டாலும், உள்ளே இருக்கும் சின்ன ஓட்டை பெட்ரோல் எஞ்சினின் மேல் ஆர்பிஎம் புகையை முழுக்க வெளியேற்றப் போதாமல், பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். 0.4-ல் வைத்தது 5,500 ஆர்பிஎம்மில் 0.8 காட்டினால் அதுதான் காரணம். பெட்ரோல் காரிலிருந்து கழற்றிய சிறிய டர்போ கிடைத்தால் இருமடங்கு விலை கொடுத்தாவது அதை வாங்குங்கள். எதை வாங்கினாலும் கடையிலேயே ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் கைக்குத் தெரிகிற ஆட்டமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் லேசாக ஆடலாம், ஆனால் இறக்கை ஹவுஸிங்கில் உரசக் கூடாது. ஒன்றரை, இரண்டு லட்சம் ஆர்பிஎம்மில் சுற்றப் போகிற பொருள் அது.

இனி உயிர்நாடியான பகுதி. உங்கள் ஒரிஜினல் ஈசியு (எஞ்சினை ஆளும் கணினி) இன்டேக் அழுத்தத்தை மேப் சென்சார் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறது, அந்த சென்சாரின் அளவுகோல் வளிமண்டல அழுத்தத்தைச் சற்றே தாண்டியதும் முடிந்துவிடும். அதற்குமேல் 0.4 பார் ஏறினாலும் ஈசியுவுக்கு அது தெரியாது, பழைய அளவுக்கே பெட்ரோல் விடும், பழைய டைமிங்கிலேயே பொறி போடும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, பொறி முன்கூட்டியே. பிஸ்டன் உடைய இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஃப்யூயல் பிரஷரை மட்டும் ஏற்றிச் சமாளிக்கும் பழைய உத்தி, ரிட்டர்ன் லைன் இல்லாத இன்றைய வண்டிகளுக்குப் பொருந்தாது, பொருந்தினாலும் டைமிங்கை அது சரி செய்யாது.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் அதன் மீட்டரும். பாஷ் எல்எஸ்யு 4.9 தாராளமாகக் கிடைக்கிறது. வண்டியில் ஏற்கெனவே உள்ள சென்சார் கலவையில் பெட்ரோல் அதிகமா குறைவா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அடுத்தது, ஒரிஜினலுக்குப் பதிலாக நாமே அமைத்துக்கொள்ளும் ஸ்டாண்ட்அலோன் ஈசியு. மெகாஸ்கவர்ட், ஸ்பீடுயினோ போன்றவை வீட்டில் செய்கிறவர்களுக்கென்றே வளர்ந்தவை. மூன்றாவது, பூஸ்டையும் அளக்கும் மேப் சென்சாரும் பெட்ரோலைத் தெளிக்கும் பெரிய இன்ஜெக்டர்களும். 115 குதிரைத்திறன் இலக்கு என்று வைத்தால் நான்கில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 200 சிசிக்குக் குறையாமல் விட வேண்டும், 250 இருந்தால் நிம்மதி. பம்பில் வருவது இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் கணக்கில் எடுங்கள். நாக்கிங்கைத் தாங்க எத்தனால் உதவும், ஆனால் அதே காற்றுக்கு அதிக அளவு எரிபொருள் கேட்கும்.

இதையெல்லாம் மாட்டி, டர்போ இல்லாமலேயே அந்த ஈசியுவில் வண்டியை ஒரு மாதம் ஓட்டுங்கள். இதைத்தான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். காலையில் குளிரில் ஸ்டார்ட் ஆக வேண்டும், ஏசி போட்டால் ஐடில் விழக் கூடாது, நின்றபடி நீண்ட நேரம் ஓடினாலும் சூடேறக் கூடாது. உங்கள் வண்டியில் வால்வ் டைமிங்கை மாற்றும் விவிடி இருக்கிறது, அதையும் அந்த ஈசியு சரியாக ஆள வேண்டும். இது கைவந்த பிறகு டர்போவைச் சேர்த்தால் புதிதாக வரும் கோளாறு எதனால் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாட்டினால் எதைச் சந்தேகப்படுவது என்றே தெரியாது.

டர்போ ஏறும் நாளில் ஆயில் ரிட்டர்ன் குழாயைப் பாருங்கள். இதில்தான் லேத் பட்டறைகள் அதிகம் தவறுகின்றன. டர்போவிலிருந்து ஆயில் நுரையாக, வெறும் ஈர்ப்பு விசையில் இறங்குகிறது, எனவே குழாய் தடிமனாக, எங்கும் மேலேறாமல், சம்ப்பில் (அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். குறுகலாகவோ தொய்வாகவோ இருந்தால் சீல் வழியாக ஆயில் கசிந்து நீலப் புகை வரும், டர்போ போச்சு என்று நல்ல டர்போவைத் தூக்கி எறிவீர்கள். கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வு பூஸ்டைக் கிராங்க்கேஸுக்குள் விடாமல் ஒருவழி வால்வு வையுங்கள், இல்லாவிட்டால் டிப்ஸ்டிக் எகிறி ஆயில் எக்ஸாஸ்ட் மேல் தெறிக்கும், தீப்பிடிக்கும். பிரேக் பூஸ்டர் குழாயின் ஒருவழி வால்வையும் சோதியுங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 மில்லிமீட்டர் அளவில்.

எவ்வளவு பூஸ்ட்? பிஸ்டனைத் தொடாமல், இன்டர்கூலரோடு, 0.3 பார். அவ்வளவுதான். நாக்கிங் இல்லை என்று உறுதியான பிறகு 0.4. பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5-க்கும் 12-க்கும் நடுவே, டைமிங்கை ஒவ்வொரு 0.07 பாருக்கும் ஒரு டிகிரியாவது பின்னுக்கு இழுத்துத் தொடங்குங்கள். 95 அல்லது 100 ஆக்டேன் பெட்ரோலையே போடுங்கள். 87 குதிரைத்திறன் 110-ஐ ஒட்டி வரும். 114 என்எம் (நியூட்டன் மீட்டர்) முறுக்குவிசைக்கு அமைத்த கிளட்ச் வழுக்கத் தொடங்கும், அதற்கும் பணம் எடுத்து வையுங்கள். மொத்தச் செலவு ஒரு லட்சத்தை எளிதில் தாண்டும். மாருதியே பலேனோ ஆர்எஸ்ஸில் 2017-ல் 1.0 லிட்டர் டர்போவில் 102 குதிரைத்திறன் கொடுத்தது, நேரடி இன்ஜெக்‌ஷனோடு. அதே குடும்பத்து எஞ்சின் இப்போது ஃப்ரான்க்ஸில் வருகிறது. வேகம் மட்டும் போதும் என்றால் வண்டியை மாற்றுவது மலிவு. செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஆசைதான் காரணம் என்றால், அது நல்ல ஆசை, செய்யுங்கள்.

ஆனால் பொதுச் சாலைக்கு இது ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நடந்தால் இதைக் காட்டி இன்சூரன்ஸ் கைவிரிக்கப் பார்க்கலாம், அடிபட்டவருக்கு நீங்களே பதில் சொல்ல நேரலாம். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ட்ராக்குக்கு மட்டும் என்று ஒரு பழைய வண்டியை ஒதுக்கி அதில் செய்யுங்கள், தினமும் வேலைக்குப் போகிற, வீட்டு ஆட்கள் ஏறுகிற வண்டியில் வேண்டாம்.

எந்த வண்டியாக இருந்தாலும், டர்போவுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி கம்ப்ரஷன் மீட்டரால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் முதலில் எஞ்சின் வேலை, டர்போ பேச்சு அப்புறம். தாண்டவில்லை என்றால் அந்த நான்கு எண்களையும் டர்போவின் பெயர்ப்பலகைப் படத்தையும் அனுப்புங்கள், மேனிஃபோல்டு அளவுகளை அதிலிருந்து தொடங்கலாம்.