மின்ட் கணினியில் டாக்கர்: அந்த 404 பிழை ஏன் வருகிறது?

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து வந்தாறுமூலை வளாகத்துக்குச் சென்று கணினி படிக்கிறேன். லினக்ஸ் மின்ட் 22 உள்ள மடிக்கணினியில், உபுண்டுவுக்கான வழிகாட்டி ஒன்றை வரி பிசகாமல் பின்பற்றி செயலிகளைத் தனித்தனிக் ‘கொள்கலன்’களில் இயக்கும் மென்பொருளான டாக்கரை நிறுவ முயன்றேன். மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும்போது 404 பிழையும், ‘ரிலீஸ்’ கோப்பு இல்லை என்ற செய்தியும் வருகின்றன. திரும்பத் திரும்ப முயன்றதில் டேட்டாவும் கரைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் எந்த வரியையும் பிழையாக எழுதவில்லை, உங்கள் கணினி தன் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறது. மின்ட் 22, உபுண்டு 24.04 பதிப்பின்மேல் கட்டப்பட்டது. அந்த உபுண்டு பதிப்பின் குறிப்பெயர் ‘நோபிள்’; மின்ட் 22 தனக்கு வைத்துக்கொண்ட பெயரோ ‘வில்மா’. பழைய வழிகாட்டிகளில் உள்ள கட்டளை, கணினியிடம் குறிப்பெயரைக் கேட்டு அதை அப்படியே களஞ்சியத்தின் (மென்பொருள்களை இறக்கும் இணையச் சேமிப்பிடத்தின்) முகவரியில் சேர்த்துவிடுகிறது. டாக்கர் நிறுவனத்தின் களஞ்சியத்தில் நோபிளுக்குக் கோப்புறை உண்டு, வில்மாவுக்கு இல்லை. இல்லாத கதவைத் தட்டினால் 404 தான் பதிலாக வரும்.

மென்பொருள் நிறுவும் கருவியான ஏபிடியின் களஞ்சியப் பட்டியல் கோப்புகளில் டாக்கருக்குரியதை நிர்வாகி உரிமையுடன் திறந்து பாருங்கள். வரியின் கடைசிச் சொல் ‘ஸ்டேபிள்’ என்றும், அதற்கு முந்திய சொல் ‘வில்மா’ என்றும் இருக்கும். அந்த முந்திய சொல்லை மட்டும், சிறிய ஆங்கில எழுத்துகளில், நோபிள் என்று மாற்றிச் சேமித்துவிட்டுப் பட்டியலைப் புதுப்பித்தால் நிறுவல் தடையின்றி நடக்கும். முந்தைய முயற்சிகளில் உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து ‘டாக்கர் டொட் ஐஓ’ பொதியை இறக்கியிருந்தால், அதை முதலில் நீக்குங்கள்; அதுவும் டாக்கர் நிறுவனத்தின் பொதியும் ஒரே கணினியில் ஒத்துப்போகா. உண்மையில், பாடவேலைக்கு மட்டும் என்றால், சற்றுப் பழைய பதிப்பானாலும் உபுண்டுவின் அந்தப் பொதியே போதும் என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு முறையும் நிர்வாகி உரிமைக்காக ‘சூடோ’ போடுவதைத் தவிர்க்க, பயனரை டாக்கர் குழுவில் சேர்க்குமாறு பல வழிகாட்டிகள் சொல்கின்றன. சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். ஆனால் அக்குழுவில் உள்ளவர், கொள்கலன் ஒன்றின் வழியாகக் கணினியின் எந்தக் கோப்பையும் மாற்ற முடியும் என்பதால், அது ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தைக் கொடுப்பதற்கு ஒப்பானது. உங்கள் சொந்த மடிக்கணினியில் பாதகமில்லை. பலர் பயன்படுத்தும் ஆய்வுகூடக் கணினியில் செய்யாதீர்கள்.

டேட்டாவைப் பொறுத்தவரை, நண்பர்கள் நால்வரும் ஒரே படிமத்தை (கொள்கலனை உருவாக்கும் மூலக்கோப்பை) தனித்தனியே இறக்கத் தேவையில்லை. ஒருவர் வளாகத்து வைஃபையில் இறக்கி, டாக்கரின் ‘சேவ்’ கட்டளையால் கோப்பாக்கிப் பென் ட்ரைவில் கொடுத்தால், மற்றவர்கள் இணையமின்றியே ‘லோட்’ கட்டளையால் ஏற்றிக்கொள்ளலாம். பென் ட்ரைவ் ஃபேட் 32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ஆகவே கோப்பை ஜிசிப் என்னும் சுருக்கும் கருவியால் சுருக்கிவிடுங்கள், சுருக்கியதை லோட் கட்டளை நேரடியாகவே வாசிக்கும்.