மலக்குடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி: வயிற்றைக் கீறாமல் எண்டோஸ்கோப் வழியாகவே எடுக்க முடியுமா?

பாறசாலையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்குக் கொலனோஸ்கோபி செய்தபோது மலக்குடலில் 7 மி.மீ. அளவில் மஞ்சளாக ஒரு கட்டி தெரிந்தது, பயாப்ஸியில் நியூரோஎண்டோகிரைன் ட்யூமர் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டி) என்று வந்துவிட்டது, ஆபரேஷன் இல்லாமல் எடுக்கலாமா என்று.

பெரும்பாலும் எடுக்கலாம். குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற என் சித்தப்பாவுக்கும் இதே கட்டிதான், இதே இடத்தில். திருவனந்தபுரத்தில் எண்டோஸ்கோப் (குடலுக்குள் விடும் கேமராக் குழாய்) வழியாகவே எடுத்தார்கள். நான் டாக்டர் இல்லை. சித்தப்பா கூடவே இருந்து கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர் கொடுக்கும் பயம். கூகுளில் தேடினால் இந்தி நடிகர் இர்ஃபான் கான் படம்தான் வரும். 2018இல் தனக்கு நியூரோஎண்டோகிரைன் ட்யூமர் என்று அறிவித்தார், 2020இல் இறந்தார். ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணையத்தில் வந்ததும் இந்த வகைதான். எங்கள் சித்தி அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடவே இல்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும், எந்த உறுப்பில் வந்தது, எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைப் பொறுத்து நோயே வேறாகிவிடுகிறது. மலக்குடலில் 1 செ.மீ.க்குள், சுவரின் தசை அடுக்கைத் தொடாமல், முதல் கிரேடில் இருக்கும் கட்டி பரவுவது அபூர்வம். கிரேடு என்பது வளரும் வேகத்தின் படிநிலை. அதைத் தெரிந்துகொள்ள ரிப்போர்ட்டில் கேஐ-67 (எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்ற கணக்கு) என்ற வரியைப் பாருங்கள். அது 3 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் முதல் கிரேடு. 2 செ.மீ.யைத் தாண்டிய கட்டிக்குப் பொதுவாக அறுவை சிகிச்சைதான். நடுவில் இருப்பவற்றை ஸ்கேன் எல்லாம் பார்த்து முடிவு செய்வார்கள்.

நீங்கள் டாக்டரிடம் அழுத்திக் கேட்க வேண்டியது, முதல் தடவையிலேயே முழுதாக வருமா என்பதைத்தான். சாதாரண பாலிப் குடலின் உள்சவ்விலேயே முளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கம்பி வளையம் போட்டு இழுத்தால் வந்துவிடும். இது அப்படியல்ல. பலாச்சுளைக்குள் கொட்டை போல, மேலே சவ்வு வழுவழுப்பாக இருக்க, கட்டி அதற்கு அடியில் உள்ள அடுக்கில் இறங்கி உட்கார்ந்திருக்கும். வெறும் வளையம் போட்டு வெட்டினால் மேல்பாதி வந்து அடிப்பாகம் உள்ளேயே தங்கிவிடலாம். அப்புறம் அந்த இடம் தழும்பாகிவிட்டால், மிச்சத்தைத் தேடி எடுப்பது கூடுதல் கஷ்டம். அதனால்தான் பார்த்த உடனே வெட்டாமல், எண்டோஸ்கோப் அல்ட்ராசவுண்ட் செய்து கட்டி எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்று பார்க்கிறார்கள். கொஞ்சம் தாமதம் ஆகிறதே என்று பதற வேண்டாம், அந்தத் தாமதம் நல்லதுக்குத்தான்.

எடுக்கும் முறைகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, சித்தப்பாவுக்குச் செய்தது. கருவியின் நுனியில் ஒரு மூடி இருக்கும். கட்டியை அதற்குள் உறிஞ்சி இழுத்து, அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டி, அந்த வளையத்துக்கும் கீழே கம்பியைப் போட்டு வெட்டுகிறார்கள். கல்லீரல் நோயாளிகளுக்கு உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய்களை அடைக்கப் போடுகிறார்களே, அதே மாதிரி வளையம். இன்னொன்று, சாயம் கலந்த திரவத்தைக் கட்டிக்கு அடியில் ஏற்றி மேலே தூக்கி, மெல்லிய மின்கத்தியால் சுற்றிலும் கீறி, அடியிலிருந்து உரித்து எடுப்பது. ஜப்பானில் ஆரம்பநிலை இரைப்பைப் புற்றுநோய்க்காக வளர்ந்த முறை அது, நேரமும் கைத்திறனும் அதிகம் வேண்டும். சின்னக் கட்டிக்கு இரண்டும் சரிதான். எதில் அந்த டாக்டருக்குப் பழக்கம் அதிகமோ அதுவே நல்லது என்பது என் எண்ணம். "இந்த மாதிரிக் கட்டி இதற்கு முன் எடுத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், எங்கள் டாக்டர் உட்காரவைத்துப் படம் போட்டே காட்டினார். சித்தப்பாவுக்கு இருந்ததெல்லாம் ஒரே கவலைதான். "மக்களே, வயித்தக் கீறாம முடியுமான்னு மட்டும் கேளு" என்றார்.

வயிறு சுத்தம் செய்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்துச் சம்பா அரிசிச் சோறு, முருங்கைக்கீரை, விதை உள்ள பழம் எல்லாம் டாக்டர் சொன்ன நாளிலிருந்து நிறுத்த வேண்டும். மருந்துத்தூள் கரைத்த தண்ணீரைக் கடைசி மடக்கு வரை குடிக்க வைப்பதுதான் வீட்டில் இருப்பவர்கள் வேலை. பால் கூடாது, இளநீரும் பால் சேர்க்காத காப்பியும் ஆகும். சிவப்பாக எதையும் குடிக்கக் கூடாது, உள்ளே ரத்தம் போலத் தெரியும். கேரளத்துச் சாப்பாட்டுக் கடைகளில் கொடுக்கும் இளஞ்சிவப்புப் பதிமுகத் தண்ணீரையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

அப்பா இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், எதை, எப்போது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். எடுத்த இடத்தில் இரண்டு வாரம் வரை ரத்தக்கசிவு வர வாய்ப்பு உண்டு. அதனால் பால்வாளி தூக்குவது, மரத்துக்கு மரம் குனிந்து வெட்டுவது எல்லாம் வேண்டாம் என்று சித்தப்பாவைத் தடுத்தார்கள். கட்டியாக ரத்தம் போனாலோ, வயிறு வலித்துக் கல்லாக இறுகினாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். குடல் சுவரில் ஓட்டை விழுவது அபூர்வம்தான், ஆனால் நேரம் கடந்தால் ஆபத்து.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. அரசுக் காப்பீடு ரேஷன் கார்டு எந்த மாநிலத்ததோ அதைப் பொறுத்தது. தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் செலவுக் கணக்கே மாறிவிடும், எனவே தேதி வாங்கும் முன் காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

எடுத்த கட்டி பரிசோதனைக்குப் போய் வரும் ரிப்போர்ட்டில் இரண்டு விஷயம் பாருங்கள். வெட்டிய ஓரங்களிலும் அடியிலும் கட்டி இல்லை என்று இருக்கிறதா, ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய்க்குள் புகவில்லை என்று இருக்கிறதா. இரண்டும் சரி என்றால், இந்த அளவுக் கட்டிக்குத் தொடர் பரிசோதனையே தேவையில்லை என்றுகூடச் சொல்லலாம். ஓரத்தில் மிச்சம் இருந்தால் தழும்போடு மறுபடி எடுக்கும் வழி உண்டு. சந்தேகம் இருந்தால் கட்டியைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் சிலைடுகளையும் எழுதிக்கொடுத்து வாங்கி வேறொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டலாம், அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.