தானா மேரா கொட்டினால் போதுமா?

கேள்வி: தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா, சேமநிதிப் பணத்தில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு லோட் நிலம் வாங்கியிருக்கிறார். முன்பு செம்பனை நின்ற இடம். மாடியில்லாத சிறிய வீடுதான் கட்டப்போகிறோம். "நான்கடி தானா மேரா (செம்மண்) கொட்டி மேடாக்கி, உடனே கட்டிவிடலாம்" என்கிறார் குத்தகையாளர். பெலான் வரைகிற பொறியியலாளரோ, மண் பரிசோதனை இல்லாமல் கையெழுத்துப் போட மறுக்கிறார். இந்தச் செலவு அவசியமா?

பதில்: அவசியம். பொறியியலாளர் உங்கள் அப்பாவின் பணத்தைத்தான் காப்பாற்றுகிறார். முடிவு கைக்கு வரும்வரை குத்தகையாளரின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் ஊர்ச் சாய்ந்த கோபுரத்தையே பாருங்கள். 1885-இல் கட்டியது. அடியில் இளகிய மண், மேலே தண்ணீர்த் தொட்டியின் பாரம், அதனால்தான் சாய்ந்தது. தெலுக் இந்தான் இருக்கும் ஹிலிர் பேராக் மாவட்டக் கரையோரத்தில் பல இடங்களில் இதே இளகிய களிமண் பல மீட்டர் ஆழத்துக்கு இருக்கிறது. சில இடங்களில் அதற்கும் மேலே காம்புட் எனும் மட்கிய மண். பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை மரங்கள் ஆளுக்கொரு திசையில் சாய்ந்து நின்றால் அந்த மண்ணாக இருக்கலாம். அண்டை வீடுகளில் வாசல்படி சுவரை விட்டு விலகியிருக்கிறதா, சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடுகிறதா என்றும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

தானா மேரா விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மேடாக்கினால் நிலம் பலமாகிவிடும் என்று நினைக்கிறோம். நான்கடி மண் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 2 டன்னுக்கு மேல் பாரம் ஏற்றுகிறது. மாடியில்லாத வீட்டின் பாரமே சராசரியாக அவ்வளவு வராது! அந்தக் கனத்தில் அடிக்களிமண்ணிலுள்ள நீர் மெல்ல மெல்லப் பிழியப்பட்டு, தரை ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். பைலிங் அடித்திருந்தால்கூட, அதாவது வீட்டைத் தாங்க ஆழத்துக்குக் கட்டை இறக்கியிருந்தால்கூட, இறங்குகிற மண் கட்டையையும் சேர்த்துக் கீழே இழுக்கும். வெள்ளத்துக்காக மேடாக்கித்தான் ஆகவேண்டும் என்றால், எத்தனை அடி, எவ்வளவு நாள் ஆறவிடுவது என்பதைப் பொறியியலாளர் சொல்லட்டும்.

சிறிய வீட்டுக்கு வழக்கமாகச் செய்யும் மண் பரிசோதனை ஜேகேஆர் ப்ரோப் (ஜேகேஆர் என்பது பொதுப்பணித் துறை). கூர்முனைக் கம்பியை நிறுத்தி, 5 கிலோ சுத்தியலை 28 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு அடிப்பார்கள். கம்பி ஒவ்வோர் அடி ஆழம் இறங்க எத்தனை முறை சுத்தியல் விழுந்தது என்று எண்ணுவார்கள். 400 முறை அடித்தும் அந்த ஓரடி இறங்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள். வீடு நிற்கப்போகும் மூலைகளிலும் நடுவிலும் செய்யச் சொல்லுங்கள். மண் கொட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். கொட்டிய மண்ணில் ஒரு கல் தட்டினாலும் கெட்டித் தரை வந்துவிட்டதாகக் கணக்கு தவறிவிடும். சுமார் 15 மீட்டருக்கு மேல் இந்தக் கம்பி போகாது. அதுவரை கெட்டி மண் தட்டவில்லை என்றால் இயந்திரத்தால் துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும். செலவு கூடும், ஆனாலும் தவிர்க்காதீர்கள்.

பைலிங் தேவைப்பட்டால் "எல்லாம் உட்பட" என்ற மொத்த விலைக்குச் சம்மதிக்க வேண்டாம். மீட்டருக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கி, உண்மையில் இறங்கிய நீளத்துக்கு மட்டும் பணம் கொடுங்கள். ஒவ்வொரு கட்டையும் எவ்வளவு இறங்கியது என்ற பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். பக்காவ் எனும் சதுப்புநில மரக் கட்டை மலிவுதான், ஆனால் எப்போதும் நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருந்தால்தான் நிலைக்கும். நீர் இறங்கி ஏறும் மட்டத்தில் உளுத்துவிடும்.

கிரானில் (நிலப் பட்டாவில்) நிலத்தின் வகை இன்னும் விவசாயம் என்றே இருந்தால், கட்டடத்துக்கு மாற்றும் வேலையையும் இப்போதே தொடங்குங்கள்.

இன்னொன்று, பின்னால் சமையற்கட்டை நீட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே பெலானில் சேர்த்துவிடுங்கள். வீட்டுக்குப் பைலிங் அடித்துவிட்டு, சமையற்கட்டை வெறும் தரையில் கட்டி, இரண்டும் பிரிந்து நடுவில் மழைநீர் ஒழுகுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பிரிந்ததைச் சிமெண்டு பூசி ஒட்ட முடியாது.